வண்டி இரைச்சல்: சட்டம் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை

சைலன்சரை மாற்றிக்கொண்டு தெருவையே அதிரவைத்துப் போகும் பைக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கூடவே ஓர் எண்ணும் வந்துவிடும். "குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபெல்தான் வரம்பு. இவன் வண்டி 90-க்குப் போகிறது. போலீஸ் ஏன் பிடிப்பதில்லை?" என்பார்கள். வண்டிக்காரரிடமும் பதில் தயாராக இருக்கும்: "மீட்டர் வைத்து அளந்தீங்களா? பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கு, அப்புறம் என்ன?"

இரண்டு தரப்பும் சொல்வது தவறு. 55 என்பது தெருவுக்கு வைத்த வரம்பு. எந்தத் தனி வண்டிக்கும் அதை வைக்கவில்லை. புகைச் சான்றிதழுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தச் சோதனையில் புகைக்குழாய்க்குள் கருவியை நுழைத்து வாயுக்களைப் பார்க்கிறார்களே தவிர, ஒலியை யாரும் அளப்பதில்லை. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் வண்டி இரைச்சலுக்கு எதிராக உருப்படியாக வேலை செய்யக்கூடிய விதிகளில் பெரும்பாலானவை டெசிபெல் கணக்கையே கேட்பதில்லை. மீட்டர் இல்லை என்று போலீசும் மக்களும் சும்மா இருப்பதற்குச் சட்டத்தில் காரணம் இல்லை. அது ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

தொட்டியும் குழாய்களும்

ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூறு குழாய்கள் வந்து விழுகின்றன. தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க மூன்று விதமாக விதி போடலாம். தொட்டியில் தண்ணீர் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. குழாய் செய்கிறவர் இதற்கு மேல் அகலமாகச் செய்யக் கூடாது என்பது இன்னொன்று. வேலை இல்லாமல் குழாயைத் திறக்காதே, திறந்தே வைக்கக் குழாயை உடைக்காதே என்பது மூன்றாவது.

தெருவின் இரைச்சல்தான் தொட்டி, வண்டிகள்தான் குழாய்கள். இந்தியச் சட்டத்தில் இந்த மூன்று விதிகளும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஏட்டில், ஒவ்வோர் ஆண்டில் வந்தவை. தொட்டிக் கோட்டை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் போடுகின்றன. குழாயின் அகலத்தை 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சுற்றுச்சூழல் விதிகளும் சேர்ந்து சொல்கின்றன. திறப்பதையும் உடைப்பதையும் 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்துவதால்தான் மேலே பார்த்த குழப்பம் வருகிறது.

டெசிபெல்லைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்

ஒலியின் வலுவை அளக்கும் அலகு டெசிபெல். மீட்டர், கிலோ போல இதைக் கூட்டிக் கழிக்க முடியாது. 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 ஏறினால் நூறு மடங்கு, 30 ஏறினால் ஆயிரம் மடங்கு. நம் காதுக்கு அப்படித் தெரிவதில்லை. ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் சத்தம் ஏறக்குறைய இரு மடங்கானதாக மட்டுமே தோன்றும்.

80 டெசிபெல் போடும் இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 160 ஆகாது, 83 ஆகும். பத்து பைக்குகள் சேர்ந்தால் 90. திருப்பிப் பார்த்தால், 90 டெசிபெல் போடும் ஒரே ஒரு வண்டி 80 போடும் பத்து வண்டிகளுக்குச் சமம். சைலன்சர் மாற்றிய ஒரு பைக் ஏன் தெரு முழுவதையும் தனியாளாகக் கெடுக்கிறது என்பதற்கான விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. (தொட்டி உவமை இங்கே கொஞ்சம் இடறும். தண்ணீரை லிட்டரில் கூட்டலாம், டெசிபெல்லைக் கூட்ட முடியாது. ஆற்றலாக மாற்றிக்கொண்டால் உவமை மறுபடி சரியாகிவிடும்.)

சட்டத்தில் வெறும் டெசிபெல் என்று இருக்காது. டிபி(ஏ) என்று இருக்கும். மனிதக் காது நடுத்தரச் சுருதிகளை நன்றாகக் கேட்கும், மிகத் தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகக் கேட்காது. அதற்கு ஏற்றபடி மீட்டருக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. அந்த வடிகட்டி வழியே வந்த எண்தான் டிபி(ஏ). இதில் ஒரு சங்கடம் உண்டு. புல்லட் போன்ற வண்டிகளின் 'டும் டும்' தாழ்ந்த சுருதியில் வருவது. விநாடிக்கு 100 அதிர்வுகள் உள்ள ஒலியில் ஏறக்குறைய 19 டெசிபெல்லை இந்த வடிகட்டி கழித்துவிடும். வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்கும், மீட்டர் முள் அந்த அளவுக்கு ஏறாது. எண்ணை மட்டும் நம்பி வழக்கு நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

தெருவுக்கு வைத்த கோடு

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் நகரத்தை நான்கு வகை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி இரவு. வரம்புகள் இப்படி:

தொழிற்பேட்டைப் பகுதி: பகலில் 75, இரவில் 70
வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55
குடியிருப்புப் பகுதி: பகலில் 55, இரவில் 45
அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40

எல்லாமே டிபி(ஏ). பலர் கவனிக்காத சொல் ஒன்று இந்தப் பட்டியலின் அடியில் இருக்கிறது: சமன் அளவு. அந்தந்த நேரத்தில் ஏறி இறங்கிய சத்தத்தின் மொத்த ஆற்றலை எடுத்து, அதை நேரம் முழுவதும் சீராகப் பரப்பினால் எத்தனை டெசிபெல் வரும் என்பதே சமன் அளவு. ஆக, 55 என்பது ஒரு நொடியில் தாண்டக் கூடாத உச்சம் கிடையாது. பகல் 16 மணி நேரத்துக்கான ஆற்றல் சராசரி அது. தெருவில் யாரோ ஒருவர் 70 டெசிபெல்லில் கத்தினார் என்பதால் மட்டும் விதி மீறப்பட்டதாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். இரவு முழுவதும் 45 டெசிபெல்லில் அமைதியாக இருக்கும் ஒரு தெரு. அங்கே ஒரே ஒரு பைக், உங்கள் சன்னலருகே 90 டெசிபெல் கேட்கும்படி, பத்து விநாடி கடந்து போகிறது. அந்தப் பத்து விநாடி மட்டுமே எட்டு மணி நேரச் சராசரியை 45-இலிருந்து ஏறக்குறைய 56-க்கு ஏற்றிவிடும். இதே பைக் இதே பத்து விநாடி, ஏற்கெனவே 75 டெசிபெல்லில் இரைந்துகொண்டிருக்கும் பிரதான சாலையில் போனால்? ஒரு மணி நேரச் சராசரி 75-இலிருந்து 75.4 ஆகும். அவ்வளவுதான். அமைதியான தெருவில் அகப்படுகிற வண்டி, இரைச்சலான சாலையில் கணக்கில் காணாமலே போய்விடுகிறது.

இந்த வரம்பு மீறப்பட்டால் யாரைப் பிடிப்பது என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடும். தொட்டி வழிந்தது உண்மை, எந்தக் குழாயால் வழிந்தது என்று சொல்ல முடியாது. அதனால் விதிகள் வண்டி ஓட்டுகிறவரை நோக்கிப் பேசாமல், முதலில் மாநில அரசை நோக்கிப் பேசுகின்றன. பகுதிகளை வகைப்படுத்து, வாகனங்களாலும் ஹாரனாலும் வரும் சத்தத்தைக் குறைக்க நடவடிக்கை எடு என்று அரசுக்குச் சொல்கின்றன. கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது இதற்கென நியமிக்கப்பட்ட துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஆகியோரிடம் இருக்கிறது. வரம்பைவிட 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் போனால் பொதுமக்கள் அவர்களிடம் புகார் தரலாம் என்பது விதி 7.

அளக்கவும் அளக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் தானியங்கி இரைச்சல் கண்காணிப்பு நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. பிறகு நகரத்துக்குப் பத்து என எழுபது நிலையங்கள் ஆயின. சென்னையில் தி.நகர், பெரம்பூர், திருவல்லிக்கேணி, கிண்டி, வேளச்சேரி, அண்ணா நகர், கண் மருத்துவமனை என்று பல இடங்களில் அவை இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு அறிக்கைகள் வருகின்றன, பெரும்பாலான இடங்களில் வரம்பு தாண்டியதாகவே வருகின்றன. ஆனால் அந்தக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் மைக்கால் எந்த வண்டிக்கும் அபராதச் சீட்டு எழுத முடியாது. திட்டமிடுவதற்கு அது நல்ல கருவி, தண்டிப்பதற்கு உதவாது.

அமைதி மண்டலம் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று பலர் நினைக்கிறார்கள். 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. மாநில அரசு அறிவிக்கை செய்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம். பள்ளி வாசலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. எனக்கு இந்தத் திருத்தம் பின்னோக்கிய அடியாகவே படுகிறது, ஆனால் இன்றைய நிலை இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: 55, 45 போன்ற எண்கள் தெருவின் நீண்ட நேரச் சராசரிக்கு உரியவை. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். தனி வண்டியை அவற்றால் மடக்க முடியாது.

வண்டிக்கு வைத்த வரம்பு

சரி, வண்டிக்கென்று டெசிபெல் வரம்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

புதிய மாடல் வண்டி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் தயாரிப்பாளர் அதை அரசு ஏற்ற சோதனை மையத்தில் கொடுத்துத் தேறவைக்க வேண்டும். இதற்கு வகை ஒப்புதல் என்று பெயர். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்றவை இப்படிப்பட்ட இடங்கள். இரைச்சல் சோதனைக்குத் திறந்தவெளியில் ஒரு பாதை இருக்கும். பாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 7.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் மைக் வைப்பார்கள். வண்டி சீரான வேகத்தில் வரும். மைக்குக்கு 10 மீட்டர் முன்னால் உள்ள கோட்டைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக முறுக்க வேண்டும். அடுத்த 20 மீட்டரில் மீட்டர் காட்டும் உச்சமே அந்த வண்டியின் எண்.

இரு சக்கர வண்டிகளில் 80 சிசி வரை 75, அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதையும் தாண்டினால் 80 டிபி(ஏ). ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கைக்கு மிகாத கார்களுக்கு 74. கனரக லாரிகளுக்கு, எஞ்சினின் திறனைப் பொறுத்து, 80 வரை. 2000-களின் முதல் பாதியில் இறுக்கப்பட்ட அளவுகள் இவை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒன்றிரண்டு பேரை ஏற்றிப்போகும் பெரிய பைக், ஒரு குடும்பத்தையே ஏற்றிப்போகும் காரைவிட 6 டெசிபெல் அதிகம் போடலாம். அதாவது நான்கு மடங்கு ஒலி ஆற்றல், சட்டப்படியே.

முதலில் பார்த்த வாதத்துக்கு இப்போது விடை கிடைக்கிறது. ஷோரூமிலிருந்து அப்படியே வந்த, ஒரு திருகாணிகூட மாற்றாத 350 சிசி வண்டியும் முழு முறுக்கில் 7.5 மீட்டரில் 80 டெசிபெல் வரை போடலாம். 55-ஐத் தாண்டியது என்பதால் அது சட்டவிரோதம் ஆகாது.

இந்தச் சோதனையையே சாலையோரத்தில் செய்து, வரம்பு தாண்டுகிறவரைப் பிடிக்கலாமே? செய்து பார்க்கிற போலீஸ்காரர் பாவம். சுற்றிலும் சுவர் இருந்தால் ஒலி மோதித் திரும்பி எண் கூடிவிடும். பின்னணி இரைச்சல் அளக்கும் வண்டியைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். அண்ணா சாலையில் அது எந்த நேரத்தில் நடக்கும்? மீட்டர் அளவுத் திருத்தம் செய்யப்பட்டு, அதற்குச் சான்றும் இருக்க வேண்டும். தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபெல் ஏறும், ஆகவே வண்டி எந்தக் கோட்டில் போனது என்பதும் வழக்கில் கேள்வியாகும். செல்போன் செயலியில் வந்த எண்ணுக்கு இந்த இடத்தில் மதிப்பே இல்லை. பேச்சைப் பிடிக்கச் செய்த மைக் அது, பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கிக் காட்டும்.

வண்டி வாங்கிய பிறகும் அந்தத் தரத்திலேயே அதைப் பராமரிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 120 சொல்லத்தான் செய்கிறது. வாடகை வண்டி, பேருந்து, லாரிகளுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும்போது ஹாரனையும் சைலன்சரையும் பார்க்க வேண்டும். சொந்த பைக்குக்கோ பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் வரை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. வாங்கிய மறுநாளே சைலன்சரைக் கழற்றி மாட்டினாலும் கேட்க, சாலையில் நிற்கும் காவலர் ஒருவரைத் தவிர ஆள் இல்லை.

எண் கேட்காத விதிகள்

அந்தக் காவலர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்தது. உண்மையில் நிறையவே இருக்கிறது.

சைலன்சரில் தொடங்குவோம். நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 25 முறை சூடான வாயு அழுத்தத்தோடு வெளியே வெடித்துக் கிளம்புகிறது. சைலன்சர் அந்த வாயுவுக்கு விரிய இடம் கொடுக்கிறது. உள்ளே அறைகள், துளையிட்ட குழாய்கள், தடுப்புத் தகடுகள். ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மீதியைக் கண்ணாடி இழைப் பஞ்சு போன்ற பொருள்கள் உறிஞ்சும். கடைகளில் விற்கும் 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சர்களில் இந்தத் தடைகள் பாதிக்கு மேல் இருக்காது. சிலவற்றில் 'டிபி கில்லர்' என்று ஒரு சிறு குழாயைச் செருகி விற்பார்கள். அதைக் கழற்ற ஒரே ஒரு போல்ட். பெட்டியின் மேல் 'பந்தயத் தடத்துக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. அதைப் படித்துவிட்டுப் பந்தயத் தடத்துக்கு எடுத்துப்போகிறவரை நான் பார்த்ததில்லை.

இங்கே சட்டம் டெசிபெல்லை எதிர்பார்ப்பதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத பாகத்தை மாட்டி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ(4)-இன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் வழியாக இல்லாமல் வேறு வழியில் புகையைத் திறந்துவிடும் அமைப்பை 'கட்-அவுட்' என்பார்கள். அது இருந்தாலே 194எஃப் பிரிவின் கீழ் முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000. இவற்றுக்குக் கண்ணே போதும். மாட்டியிருப்பது கம்பெனி சைலன்சரா இல்லையா என்று பார்க்க மெக்கானிக் கடைப் பையனுக்குக்கூட அரை நிமிடம் ஆகாது.

இவற்றுக்கு மேல் 190(2) என்று ஒரு பெரிய பிரிவு. சாலைப் பாதுகாப்பு, இரைச்சல், காற்று மாசு ஆகியவற்றுக்கு வகுத்த தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியும் போகும். 2019-இல் நாடாளுமன்றம் ஏற்றிய இந்த அபராதங்களைத் தமிழ்நாடு நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2022 அக்டோபரில். 'சத்தத்துக்கெல்லாம் நூறு ரூபாய்தானே' என்று இன்னும் சொல்கிறவர்கள் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள்.

சத்தமான சைலன்சர் இருந்தால்தான் மற்றவர்கள் விலகுவார்கள், அது பாதுகாப்பு என்று ஒரு வாதம் உண்டு. சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. முன்னால் போகிறவருக்குக் கேட்பதைவிட, பைக் போன பிறகு வீட்டுக்குள் தூங்குகிறவருக்குத்தான் அது நன்றாகக் கேட்கும்.

ஹாரன்: சத்தமாகத்தான் இருக்க வேண்டும்

ஹாரனில் சட்டம் ஒரு முரணோடு நிற்கிறது. ஹாரன் சத்தமாக இருந்தே ஆக வேண்டும். காரில் பொருத்திய நிலையில், 7 மீட்டர் முன்னால் நின்று அளந்தால், 93-க்கும் 112 டெசிபெல்லுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பதே தரம். ஆக, முற்றிலும் சட்டப்படியான ஹாரனை அழுத்தினாலும் அந்த நொடியில் குடியிருப்புத் தெருவின் 55 எங்கேயோ போய்விடும். ஹாரன் ஆபத்தைச் சொல்லும் கருவி, அது கேட்கத்தான் வேண்டும். அதனால் சட்டம் ஹாரனின் அளவை விட்டுவிட்டு, அழுத்தும் கையைப் பிடித்துக்கொள்கிறது.

எப்போது அழுத்தலாம்? பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு. தேவையில்லாமலோ, விடாமலோ, தேவைக்கு மேலோ அழுத்தினால் 194எஃப். 'ஹாரன் அடிக்காதே' பலகை உள்ள இடத்தில் அழுத்தினாலும் அதே பிரிவு. அபராதம் முன்பு சொன்ன அதே 1,000, 2,000. சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போது பின்னாலிருந்து பாம்பாம் என்று அடிப்பது எந்தப் பாதுகாப்புக்கும் உதவாது. அந்த இடத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

இரவில் இன்னும் தெளிவு. 2005 ஜூலை 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் தீர்ப்பளித்தது. அமைதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டு, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை, தவிர்க்க முடியாத நிலை தவிர, ஹாரன் கூடாது என்றது. 2010-இல் வந்த திருத்தம் இதை ஒலி மாசு விதிகளில் 5ஏ என்ற விதியாகவே சேர்த்தது. பொது அவசர நிலை தவிர, அமைதி மண்டலத்தில் எப்போதும், குடியிருப்புப் பகுதியில் இரவிலும் ஹாரன் அடிக்கக் கூடாது. அதே திருத்தம் புகார் விதியையும் மாற்றியது. இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினால் 10 டெசிபெல் கூடுதலா என்று பார்க்கத் தேவையில்லை, மீறலே புகாருக்குப் போதும். சட்டம் எழுதுகிறவர்களே எண்ணைக் கைவிட்ட இடம் இது.

ஹாரனின் வகைக்கும் தடை உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுருதி ஒலிக்கும் ஹாரனும், காதைக் கிழிக்கிற, கடுமையான, பயமுறுத்துகிற ஒலிக் கருவியும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 119-இன்படி கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வண்டிகளுக்கு விலக்கு. பேருந்து, லாரிகளில் பிரேக்குக்காக அழுத்திச் சேமித்த காற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்து ஏர் ஹாரன் மாட்டுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கவும் மீட்டர் வேண்டாம். வண்டியைச் சுற்றி ஒரு முறை பார்த்தால் குழல்கள் தெரியும். ஆய்வு நடத்தும் நாளில் பேருந்து நிலையத்திலேயே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை. அதற்கு விற்கிற கடையையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: கம்பெனி சைலன்சரா, கட்-அவுட் உண்டா, பல சுருதி ஹாரனா, மணி இரவு பத்தைத் தாண்டிவிட்டதா, பலகை இருக்கிறதா. எல்லாமே ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

மீட்டர் திரும்பி வரும் இடங்கள்

எண்ணை முழுக்க ஒதுக்கவும் வேண்டியதில்லை. 2020 ஜனவரி கடைசியில் மும்பைப் போலீஸ் வெளியிட்ட ஒரு காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. சில சந்திப்புகளில் சிக்னலோடு ஒலி மீட்டரை இணைத்தார்கள். ஹாரன் இரைச்சல் 85 டெசிபெல்லைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். 'இன்னும் ஹாரன் அடி, இன்னும் காத்திரு' என்பது அதன் பொருள். யார் அடித்தார் என்று கண்டுபிடிக்க முடியாத சிக்கலை, எல்லாரையும் சேர்த்துக் காக்கவைத்துத் தீர்த்தார்கள். அடிக்காமல் நின்றவருக்கும் அதே தண்டனை என்பதால் சட்டமாக இது நிற்காது. விழிப்புணர்வு விளையாட்டாக நன்றாகவே இருந்தது.

பிரான்சில் இன்னொரு வழியை முயன்றார்கள். ஒரு கம்பத்தில் நான்கு மைக்குகளும் கேமராவும். ஒலி நான்கு மைக்குகளுக்கும் வந்துசேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணினி கண்டுபிடிக்கும். அந்தத் திசையில் அந்த நொடியில் இருந்த வண்டியின் எண்ணைக் கேமரா எடுக்கும். தோற்றத்தை வைத்து அதற்கு ஜெல்லி மீன் என்று பெயர். எந்தக் குழாய் என்று தெரியாத சிக்கலை இது நேராகத் தாக்குகிறது. பல வண்டிகள் ஒட்டி உரசிப் போகும் நம் சாலைகளில் ஒரு வண்டியைப் பிரித்துக் காட்டுவது அங்கே இருப்பதைவிடப் பல மடங்கு கடினம். இரவு இரண்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வேண்டுமானால் எடுபடும்.

புகாரில் எதை எழுதுவது

குறிப்பிட்ட ஒரு வண்டியால் தொல்லை என்றால் புகாரில் டெசிபெல்லைத் தவிர்த்துவிடுங்கள். செயலி காட்டிய 97-ஐ எழுதினால், அது சரியான அளவா என்ற வாதத்தில் புகார் முடிந்துபோகும். வண்டி எண், இடம், தேதி, நேரம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது, நின்றிருந்தபோது எடுத்த சைலன்சரின் படம், கடந்துபோகும்போது எடுத்த காணொளி ஆகியவை போதும். தினமும் அதே நேரத்தில் வருகிறதென்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். போலீஸ் வந்து நிற்க வேண்டிய நேரம் அதிலிருந்துதான் தெரியும். இரவு ஹாரன் என்றால் '5ஏ விதி' என்றும், சைலன்சர் என்றால் '52, 182ஏ(4), 190(2)' என்றும் குறிப்பிடுவது நல்லது. இவை போக்குவரத்துக் காவல்துறைக்குப் போக வேண்டியவை. வண்டியின் அமைப்பையே மாற்றியிருந்தால் ஒரு பிரதியை ஆர்டிஓ அலுவலகத்துக்கும் அனுப்பலாம்.

தொல்லை ஒரு வண்டியால் இல்லாமல், புதிய மேம்பாலத்தாலோ வாசலுக்கு மாறி வந்த பேருந்து நிறுத்தத்தாலோ வந்தால் கதை வேறு. அங்கேதான் 55-உம் 45-உம் பயன்படும். புகார் காவல் ஆணையருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ போக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் மீட்டரோடு வந்து ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் அளக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள். பத்து நிமிடம் அளந்துவிட்டுப் போனால், அந்தப் பத்து நிமிடம் எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து முடிவு எப்படி வேண்டுமானாலும் வரும்.